ஓடி ஓடிக் களைச்சுட்டானுங்க

பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் சென்றாயன் வாசல் கதவின் தாழை நீக்குவார். கதவு திறக்கும்போது பையனின் கால்கள் அவர் மார்பில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கால்களில் செருப்பு மாட்டியிருக்க வேண்டும். அடி வைத்தால் கீச்சென்று சத்தம் போடுகிற சிவப்புச் செருப்பு. அதன் அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருந்ததே இல்லை.

தெருவில் யாராவது ஒருவர் கேட்பார். "ஏனுங்க, நடக்கற பையன எதுக்குங்க இப்படிச் செமந்துட்டுத் திரியறீங்க?"

"இத்தன நேரம் ஊட்டுக்குள்ள ஓட்டமுங்க. ஓடி ஓடிக் களைச்சுட்டானுங்க!"

சொல்லிவிட்டு நிற்கமாட்டார். அடுத்த கேள்வி வருவதற்குள் வேப்பமரத்தைத் தாண்டியிருப்பார்.

அவர் என் அப்பா. அறுபது வயது தாண்டிவிட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்துளைக் கிணறு போட்டே காலத்தைக் கழித்தவர். ஆறு மாதம் வடக்கே இருப்பார், மழைக்காலத்தில் வீட்டுக்கு வருவார். "எட்டு மாநிலத்துப் பாறையில ஓட்ட போட்டவனாக்கும்" என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற ஒரே பெருமை. சாப்பிட உட்கார்ந்தால் காலித் தட்டை ஒரு முறை ஊதிவிட்டுத்தான் சோறு போடச் சொல்வார். பாறைத்தூளுக்கு நடுவில் சாப்பிட்டுப் பழகிய பழக்கம். கழுவித் துடைத்த தட்டாக இருந்தாலும் ஊதுவார். பேரனைத் தூங்க வைக்கத் தாலாட்டு தெரியாது. ஏக், தோ, தீன் என்று இந்தியில் எண்ணிக்கொண்டே போவார். பையன் தூங்கிவிடுவான்.

கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவார். ரகசியம் பேச வேண்டுமென்றால் முகத்தை நம் காதருகே கொண்டுவருவார், ஆனால் குரல் குறையாது. "உங்கப்பன் ரகசியம் பேசுனா சங்ககிரி மலை திரும்பிப் பாக்கும்" என்பாள் அம்மா.

அம்மா அத்தாயி போன வருடம் இறந்தாள்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளராக இருக்கிறேன். கருவி காட்டும் அளவுக்கும் உண்மையான அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வதுதான் வேலை. சனிக்கிழமை மாலை வண்டி ஏறுவேன். சங்ககிரி தாண்டியதும் அம்மாவுக்குப் போன் செய்வது வழக்கம். அவள் அப்போதுதான் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள். இப்போதும் சங்ககிரி வந்ததும் கை பைக்குள் போகிறது. போனை எடுத்து மணியைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுகிறேன்.

வீட்டில் இருப்பவர்கள் அப்பா, தம்பியின் மனைவி சௌமியா, அவர்களுடைய மகன் வேலவன். தம்பி அன்பரசு சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் இருக்கிறான். சௌமியா நூல்மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். பகல் முழுக்கப் பையன் அப்பாவின் பொறுப்பு.

அம்மா போன சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. கீச், கீச், கீச். பையன் நடக்கிறான் என்று பல மாதங்களாகக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர ஒரு தடவையும் பார்த்ததில்லை. நான் வருகிற நேரங்களில் எல்லாம் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், அல்லது அப்பாவின் தோளில் இருப்பான். வாசலிலேயே நின்று கேட்டேன். சத்தம் சீராக இருந்தது. புதிதாக நடக்கிற பிள்ளையின் நடை அப்படிச் சீராக இருக்காது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சமையற்கட்டுப் பக்கமாகச் சுற்றி உள்ளே போனேன்.

அப்பா தரையில் மண்டி போட்டிருந்தார். செருப்புகள் அவர் கைகளில் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விரல்கள் நுழைந்திருந்தன. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை ஒட்டி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் செருப்புகளை நடத்திக்கொண்டு போனார். பையன் நடுவீட்டில் உட்கார்ந்து கைதட்டினான். செருப்பின் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது. அதனால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பையனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரித்தால் சத்தம் வந்திருக்கிறது என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஓங்கி அழுத்தினார்.

நான் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எப்ப வந்த சாமி?"

"இப்பத்தாம்ப்பா."

"டீ வெக்கட்டுமா?"

"வெய்ங்கப்பா."

எழுந்து போனார். போகும்போதும் கைகள் பின்னால்தான் இருந்தன.

இரவு மில்லிலிருந்து வந்த சௌமியா சொல்லிவிட்டு அழுதாள். "நடக்கவே இல்லீங்க அண்ணி. புடிச்சு நிறுத்துனா முட்டி மடங்கிக்குது. மாமா மொகத்தப் பாத்தா எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்க. உங்க தம்பிக்கு அனுப்பற வீடியோ எல்லாம் மாமா தூக்கிப் புடிச்சு எடுக்கறதுதானுங்க. கை தெரியாம எடு, கை தெரியாம எடுன்னு சொல்லுவாருங்க." அந்த வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுத் தம்பி சத்தீஸ்கரில் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

எப்படித் தொடங்கியது என்பதையும் அவள்தான் சொன்னாள்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்று. ஆஸ்பத்திரியில் இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசி வாரங்களில் முன்கட்டில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். வேலவனுக்கு ஒரு வயது முடிந்த புதிது. காலையில் கண் விழித்ததும் அவள் கேட்பது அது ஒன்றைத்தான். "ஏனுங்க, பையன் நடந்துட்டானா?" இல்லை என்று சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் அப்பா அவள் காதருகே குனிந்து, "நடந்துட்டான் அத்தாயி! காத்தால எந்திரிச்சு நாலு எட்டு வெச்சுட்டான்!" என்றார். ரகசியம்தான். அவருடைய ரகசியம்.

ஒரு வயதில் நடக்காதது குறையே இல்லை. அப்பா சொன்னது அடுத்த வாரமோ அடுத்த மாதமோ உண்மையாகிவிடக்கூடிய பொய். அது அம்மாவின் காதோடு நின்றிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் சென்னியம்மாள் வீடு. அவர் கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அத்தாயக்கா, பேரன் நடந்துட்டானாமா! கொழுக்கட்ட அவிக்கோணுமல்லோ!"

எங்கள் பக்கம் பிள்ளை முதல் அடி வைத்தால் கொழுக்கட்டை அவிப்பார்கள். பிள்ளையின் முன்னால் தரையில் அடிக்கு ஒன்றாக வைத்து நடக்கவிட்டு, பிறகு தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அதற்குமேல் பேசத் தெம்பில்லாமல் கிடந்த அம்மா கையைத் தூக்கி அரிசிமாவு டப்பாவைக் காட்டினாளாம். அதற்குமேல் அப்பாவால் திரும்ப முடியவில்லை. சென்னியம்மாள் அடுப்படியில் ஆவிக்குள் நின்றபோது, அப்பா பையனை அக்குளில் பிடித்துக் கட்டிலின் கால்மாட்டில் நடத்திக் காட்டினார். பையன் காலைக் காலைத் தூக்கிக்கொண்டான். அம்மா பார்த்தாள். அந்தக் கண்களுக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

அன்று இரவு நான் வந்தேன். எனக்கென்று கிண்ணத்தில் இரண்டு கொழுக்கட்டைகள் மூடி வைத்திருந்தார்கள். அம்மாவின் அருகில் உட்கார்ந்து தின்றேன். "நடந்துட்டான்" என்று உதட்டை அசைத்தாள். அந்த வாரமே போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பேரன் நடக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், புண்ணியவதி. சொல்லிச் சொல்லி அப்பாவின் கையைப் பிடித்தார்கள். அவர் தலையை ஆட்டினார். உண்மையைச் சொல்ல இருந்த வழி அன்றைக்கு அடைத்ததுதான். அதன்பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டார். அங்கன்வாடியிலிருந்து பிள்ளைக்கு எடை பார்க்கக் கூப்பிட்டால், "சளிக் காச்சலுங்க, அடுத்த தடவ வாரனுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். சந்தையிலிருந்து அந்தச் செருப்பை வாங்கி வந்தார்.

நடப்பதற்குத் தேதி கிடையாது, வரம்பு உண்டு. பத்து மாதத்தில் நடக்கிற பிள்ளை இருக்கிறது, பதினைந்து பதினாறு மாதத்தில் நடக்கிற பிள்ளையும் இருக்கிறது. இரண்டுமே சரிதான். ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயப்படுவதற்காக அல்ல, காரணம் தெரிந்துகொள்வதற்காக. தசையா, நரம்பா, தைராய்டா, அல்லது வெறும் தாமதமா என்பதைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பயிற்சி தேவைப்பட்டால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. வேலவன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். கழுத்து நின்றதும் உட்கார்ந்ததும்கூட அவனுக்குத் தாமதம்தான். பெயர் சொன்னால் திரும்புகிறான். நிலாவைக் கேட்டால் விரல் நீட்டுகிறான். இடுப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நம்மைவிட வேகமாக நகர்கிறான். நிற்க மட்டும் முடியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். சேலத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றேன்.

"அடுத்த மாசம் எந்திரிச்சுருவான் சாமி. உங்க பெரிய மாமன் ரெண்டு வருசங் கழிச்சுத்தான் எந்திரிச்சான். அப்பறம் அவனப் புடிக்க ஆளிருந்துச்சா?"

"எந்திரிச்சா சந்தோசம்ப்பா. அதுக்கு முன்னால ஒரு தடவ காட்டிருவோம்."

"ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா எல்லாத்துக்குந் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

அப்பா கதவைப் பார்த்தார். பிறகு பேசினார். என் நினைவில் அவர் மெதுவாகப் பேசியது அப்போதுதான்.

"பேரன் நடக்கறதப் பாத்துட்டுப் போனாள்னு ஊரே சொல்லுதே, அது இல்லீன்னு ஆயிருமே சாமி. கட்டுனதுல இருந்து அவகிட்ட நாஞ் சொன்ன ஒரே பொய்யி அதுதான். அதையும் கொண்டுபோயித் தெருவுல கொட்டச் சொல்றயா?"

பார்த்துவிட்டுப் போனாள் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் ஓசூருக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். தொழிற்சாலையில் ஒரு கருவி பிழை காட்டினால் அதே நிமிடம் சிவப்பு வில்லை ஒட்டி ஒதுக்கி வைத்துவிடுவேன். வீட்டில் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். அடுத்த வாரமும் பேசவில்லை. அப்பா என் எதிரில் வருவதைக் குறைத்துக்கொண்டார். நான் கூடத்தில் இருந்தால் பையனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சென்னியம்மாள் வீட்டு முன்னால் கட்டட வேலைக்கென்று எம்-சாண்ட் மணல் கொட்டியிருந்தது. அந்தக் குவியலில் குழி பறித்து அவருடைய பேத்தியைத் தொடை வரைக்கும் புதைத்து நிறுத்தியிருந்தார். மகன்வழிப் பேத்தி, வேலவனைவிட இரண்டொரு மாதம் சின்னவள். அவளும் நடக்கவில்லை. மணலில் நிறுத்தி வைத்தால் காலுக்குப் பலம் வரும் என்பது அவர் எண்ணம். பாப்பா இரண்டு கைகளையும் நீட்டி அம்மாவைப் பார்த்து அழுதாள். அம்மா சுகன்யா வாசற்படியில் நின்றாள். இறங்கி வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"என்னத்தப் பாக்கற?" என்று சென்னியம்மாள் மருமகளைக் கேட்டார். "அத்தாயக்கா பேரன் ஒரு வருசத்துல எந்திரிச்சு நாம கொழுக்கட்ட தின்னோம். உம் மவ எருமக்கன்னாட்டக் குந்துன எடத்துலயே குந்திக்கிட்டிருக்கறா. காலேசு வரைக்கும் படிச்சயே, புள்ளைய நிக்க வெக்கச் சொல்லித் தர்லியா அங்க?"

சுகன்யா கீழே பார்த்தாள். தெருக்குழாயில் நின்ற பெண்கள் குடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்பா பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தது அப்போதுதான்.

"இங்க வாங்க!" என்று சென்னியம்மாள் கூப்பிட்டார். "பையன இப்படி எறக்கி உடுங்க. அவன் நடக்கறதப் பாத்தாவாச்சும் இவளுக்கு ரோசம் வரட்டும்."

அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் காதில் கையை வைத்தார். சென்னியம்மாள் இடது உள்ளங்கையில் வலது விரல்கள் இரண்டை நடத்திக் காட்டி, தரையைச் சுட்டினார்.

"அவன் ஓடி ஓடி..." என்று அப்பா தொடங்கினார். மணலுக்குள் நின்ற பாப்பா அப்போது அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவளை யாராவது தூக்க வேண்டும், யாராக இருந்தாலும் போதும். மணல் அரைத்து அவளுடைய தொடை சிவந்திருந்தது. அப்பா பேச்சை நிறுத்தினார். சுகன்யாவைப் பார்த்தார். மறுபடியும் பாப்பாவைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது.

பிறகு முழங்காலை மடக்கி, பேரனைத் தோளிலிருந்து எடுத்து மணலின் ஓரத்தில் இறக்கினார். கைகளை எடுத்துக்கொண்டார்.

வேலவன் உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான். அழுகிற பாப்பாவைப் பார்த்ததும் இடுப்பைத் தேய்த்துத் தேய்த்து அவளை நோக்கி நகர்ந்தான்.

"ஏனுங்க, நிக்க வெய்யுங்க" என்றார் சென்னியம்மாள்.

"நிக்கமாட்டானுங்க."

"காலுக்கு என்னாச்சுங்க? கீழ கீழ உழுந்துட்டானா?"

"இல்லீங்க. அவன் இன்னும் நடக்கவே இல்லீங்க. கொழுக்கட்ட அவிச்ச அன்னைக்கும் நடக்கலீங்க. நாந்தான் தூக்கிப் புடிச்சிருந்தனுங்க."

எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னார். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். பால் கேனோடு போன வண்டிக்காரர் காலை ஊன்றி நின்றார். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

சென்னியம்மாள் வேலவனின் கால்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப அத்தாயக்கா பாத்துட்டுப் போனது?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பா அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சுகன்யாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நாளைக்கு நாங்க சேலத்துக்கு இவனக் காட்டப் போறம். நீயும் பாப்பாவ எடுத்துட்டு வா சாமி. ரெண்டையும் ஒண்ணாக் காட்டிட்டு வந்தர்லாம்."

சுகன்யா மாமியாரைப் பார்த்தாள். சென்னியம்மாள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுகன்யா படியிலிருந்து இறங்கினாள்.

அவள் வருவதற்குள் அப்பா மண்டியிட்டு, பாப்பாவின் கால்களைச் சுற்றியிருந்த மணலை இரண்டு கைகளாலும் வாரிப் போட்டார். அவளை வெளியே தூக்கித் தன் மடியில் உட்கார வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவளுடைய கால்விரல்களின் இடுக்கில் இருந்த மணலைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. சுகன்யா கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தெருவும் நின்றது. அப்பா நிமிரவில்லை. துடைத்து முடித்த பாதத்தையே மறுபடியும் முதலிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.